காற்றோடு வந்த பதவி

"இது என் குடை இல்லைங்க" என்று லிஃப்ட்காரர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

பூங்கா வாசலில் அவரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று தேய்த்த சட்டையும் புடவையும் போட்டு வந்தவர்கள். அவர் கையில் விரிந்த மஞ்சள் குடை. மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அந்தக் குடை காற்றில் உருண்டு சாலைப் பக்கம் போனது. பஸ் சக்கரத்தில் மாட்டி நொறுங்கிவிடுமே என்று ஓடிப்போய்ப் பிடித்தார். அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

"கடைசியில வந்து சேர்ந்தீங்களே!" என்றார் ஓர் அம்மாள். தலைமையாசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். குரல் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. "பேசிப் பழக ஆள் இல்லாதவங்க எல்லாம் வாங்க, மஞ்சள் குடை பிடிச்சுக்கிட்டு நிப்பேன்னு நோட்டீஸ் ஒட்டினா மட்டும் போதுமா? ஆள் வர வேண்டாமா? மூணு வாரமா வந்து நின்னுட்டு நின்னுட்டுத் திரும்பிப் போறோம்!"

"அதானே! குடை மட்டும் வாராவாரம் இங்கே உருண்டுக்கிட்டுக் கிடக்கும், ஆளைக் காணோம்" என்றார் முழங்காலில் பட்டை கட்டியிருந்த ஒருவர்.

"நான் வந்து..."

"காரணமெல்லாம் வேண்டாம். இனிமே லேட்டா வரக் கூடாது. புரியுதா?"

"சரிங்க டீச்சர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதாகிறது மனுஷருக்கு.

அவரை அங்கே அனுப்பியது அவருடைய அக்கா. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் வீட்டில் பேசுகிற ஒரே ஜீவன் சமையலறைக் குழாய்தான், அதுவும் சொட்டுச் சொட்டாக. வேலையிலாவது பேச்சு உண்டா என்றால், அது அதைவிட மோசம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவரிடம் யார் பேசுவார்கள்? உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பேசுவார்கள், மூடிய கதவு வழியாக. "பயப்படாதீங்க, காத்து வரும், கதவைத் தொடாதீங்க" என்று இவர் சொல்வார். "சார், தெய்வமே, விட்டுட்டுப் போயிடாதீங்க!" என்று உள்ளிருந்து கதறுவார்கள். கதவு திறந்ததும் ஒரே ஓட்டம். இவர் முகம் எப்படி இருக்கும் என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

அவர் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து, ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் எழுந்து போகாமல் இருந்தால் போதும். வீட்டில் எதிர் நாற்காலியில் இப்போது துணி மூட்டைதான் உட்கார்ந்திருக்கிறது.

"பூங்கா வாசல்ல போய் நில்லுடா தம்பி, யாராவது கூப்பிடுவாங்க" என்று நோட்டீஸைப் படித்த அக்கா சொல்லியிருந்தாள். குடை விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

"இன்னிக்கு எங்கே போறோம்?" என்றார் டீச்சரம்மா.

எல்லா முகங்களும் அவரையே பார்த்தன. அவருக்குத் தெரிந்த இடங்கள் எல்லாம் லிஃப்ட் உள்ள கட்டடங்கள்தான். "பக்கத்துல ஒரு ஒன்பது மாடிக் கட்டடம் இருக்கு. மொட்டை மாடியில நின்னா ஊரே தெரியும்" என்று உளறினார். மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, குடையையும் அங்கேயே சாத்திவிட்டு, நைசாக நழுவிவிடலாம் என்பது திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கட்டடத்தில் வாட்ச்மேனைத் தவிர ஈ காக்கை இல்லை. "எட்டுப் பேருக்கு மேல ஏறக் கூடாதுங்க, பழைய லிஃப்ட்டு, கோவிச்சுக்கும்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டார். முழங்கால்காரர் படி ஏற மாட்டேன் என்றார். அவரை ஏற்றினால் நான் மட்டும் இளைத்தவளா என்றார் இன்னொருவர். டீச்சரம்மா கடைசி ஆளையும் உள்ளே தள்ளி, தானும் ஏறிக் கதவைச் சாத்தினார். தலைவருக்குத்தான் இடம் இல்லை. அவர் குடையைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் கோபித்துக்கொண்டது.

அவர் கதவருகே போய், வழக்கமான மந்திரத்தைச் சொன்னார். "பயப்படாதீங்க, காத்து வரும், கதவைத் தொடாதீங்க." பிறகு ஒன்பதாவது மாடிக்கு மூச்சிரைக்க ஓடினார், மோட்டார் அறையைத் திறந்தார், கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை அங்குலம் அங்குலமாக இறக்கினார், திரும்ப மூன்றாம் மாடிக்கு ஓடி வந்தார். உள்ளே அழுது கொண்டிருப்பார்கள் என்று நினைத்தார். உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் சிரிப்பு, விக்கல் மாதிரி நின்று நின்று வந்தது.

கதவைத் திறந்தார். அவருடைய இத்தனை வருஷ சர்வீசில் முதல் தடவையாக ஒருவரும் வெளியே ஓடவில்லை.

"கொஞ்சம் இருங்க சார், கதை முடியலை" என்றார் முழங்கால்காரர். "கதவை மூடுங்க."

லிஃப்ட்காரர் கதவை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். உள்ளே என்ன கதை என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

"பாருங்க, எவ்வளவு யோசிச்சு ஏற்பாடு பண்ணியிருக்கார்!" என்று இறங்கும்போது டீச்சரம்மா மற்றவர்களிடம் சொன்னார். "வெளியில இருந்தா ஆளுக்கொரு பக்கம் போனைப் பார்த்துக்கிட்டு நிப்போம்னு தெரிஞ்சே ஒரு பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டார்."

லிஃப்ட்காரர் அவர்களை மொட்டை மாடியில் கொண்டுபோய் விட்டு, குடையையும் அங்கேயே சாத்திவிட்டு நழுவினார். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் மணி அடித்தது. முழுச் சங்கமும் நின்றது. "குடையை மறந்துட்டீங்க தலைவரே! வாட்ச்மேன்கிட்ட கேட்டு வீட்டைக் கண்டுபிடிச்சோம். அப்படியே உங்க போன் நம்பரையும் வாங்கிட்டோம்."

அந்த வாரம் முழுக்க அவருக்குப் போன் வந்தது. முன்பு பேச்சுக்கு ஏங்கின மனுஷர் இப்போது மணி அடித்தாலே நடுங்கினார். யாரும் அவரிடம் பேசுவதற்காகக் கூப்பிடவில்லை. அவர் வேகமாக நடக்கிறார், இவர் மெதுவாக நடக்கிறார், அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் வர மாட்டேன், அடுத்த வாரம் குடிக்கத் தண்ணீர் உண்டா இல்லையா என்று ஒரே புகார். லிஃப்ட் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு "உண்டுங்க, உண்டுங்க" என்று பதில் சொன்னார்.

"எப்படிடா இருக்கு?" என்றாள் அக்கா போனில். "நாலு பேரோட பேசினியா?"

"நாலு பேரும் பேசறாங்க அக்கா. நான் கேட்கறேன்."

"கூடவே நடக்கறாங்க இல்ல?"

"பின்னாடி நடக்கறாங்க."

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வாராவாரம் ஜோடி ஜோடியாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். முழங்கால்காரரும் டீச்சரம்மாவும் சண்டை போட்டுக்கொண்டே ஒட்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஆள் கிடைத்தது, குடை பிடித்தவரைத் தவிர. முன்னால் அவர் தன்னந்தனியாகப் போனார். வரிசையின் கடைசியில் ஒரு பெண்மணி அதேபோல் தனியாக வந்தார். பல் டாக்டர் கிளினிக்கில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து நம்பர் கூப்பிடுகிற வேலை, அதனால் டீச்சரம்மா அவருக்கு 'டோக்கன்' என்று பெயர் வைத்துவிட்டார். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்போதாவது சிரிப்பார். நின்று நின்று, விக்கல் மாதிரி.

விரட்டினால்தான் போவார்கள் என்று லிஃப்ட்காரருக்குப் பட்டது. நாலாவது வாரம் எல்லாரையும் பஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய், பயணிகள் உட்காரும் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்தார்.

"இப்போ என்ன செய்யணும்?" என்றார் டீச்சரம்மா.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். உட்காரணும்."

"எவ்வளவு நேரம்?"

"அலுக்கற வரைக்கும்."

எழுந்து போகப் போகிறார்கள் என்று காத்திருந்தார். ஒருவர் வருகிற பஸ்ஸைக் காட்டி என்னவோ சொன்னார். இன்னொருவர் தன் மகன் அந்த மாதிரி ஒரு பஸ்ஸில் ஏறிப் போனதைச் சொன்னார். முழங்கால்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மத்தியானம் ஆனது. யாருக்கும் அலுக்கவில்லை. பஸ்ஸுக்காகக் காத்திருந்த மூன்று வெளியாட்கள் பஸ்ஸை விட்டுவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

"ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து யோகா பண்ணுங்க, பாட்டுக் கத்துக்குங்கன்னு ஆளாளுக்கு உசிரை எடுக்கறாங்க" என்று டீச்சரம்மா தழுதழுத்தார். "ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்ன ஒரே புண்ணியவான் நீங்கதான்."

அடுத்த ஞாயிறு கூட்டம் இரண்டு மடங்கு ஆனது.

இனி மறைத்துப் பயனில்லை, உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். டீக்கடையில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றார்.

"நான் தலைவர் இல்லைங்க. நோட்டீஸ் நான் ஒட்டலை. குடை என்னோடது இல்லை. அன்னிக்கு ஒரு குடை காத்துல உருண்டுச்சு, ஓடிப்போய்ப் பிடிச்சேன். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு. நானும் உங்களை மாதிரி பேச ஆள் இல்லாமத்தான் வந்தேன். எனக்கு ரொம்ப அலுத்துப்போச்சுங்க."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவுதான், விடுதலை என்று லிஃப்ட்காரர் மூச்சு விட்டார்.

"கேட்டீங்களா?" என்றார் டீச்சரம்மா மற்றவர்களைப் பார்த்து. "நோட்டீஸ் ஒட்டினவர், லிஃப்ட்ல சக்கரம் சுத்தினவர், இத்தனை பேரைச் சேர்த்து வச்சவர். 'நான் ஒண்ணும் பண்ணலை'ங்கறார். என்ன அடக்கம், என்ன அடக்கம்! என் முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மனுஷரைப் பார்த்ததில்லை. இவர்தான் நம்ம ஆயுட்காலத் தலைவர். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

"எனக்கு உண்டுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஒவ்வொருவராக அவர் கையைக் குலுக்கிவிட்டு, ஜோடி ஜோடியாகக் கிளம்பினார்கள். கடைப் பையன் மேஜைகளைப் பழைய இடத்துக்கு இழுத்தான். லிஃப்ட்காரர் மட்டும் ஒரு மூலையில் குடையோடு உட்கார்ந்தார். ஒரு டீ சொன்னார். ஆயுட்காலம் என்றால் இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்கும் என்று யோசித்தார். அழுகை வரும்போல் இருந்தது.

"இங்கே உட்காரலாமா?"

நிமிர்ந்தார். டோக்கன் அம்மாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உட்காருங்க, உட்காருங்க" என்று பதறினார். எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் டீயை ரெண்டாக்கச் சொன்னார். 'ரெண்டு' என்று டீக்கடையில் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று தோன்றியது.

டீ வந்தது. லிஃப்ட்காரர் ஒரு டம்ளரை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினார்.

"நான் சொன்னது நிஜம்ங்க" என்றார் லிஃப்ட்காரர். "நான் தலைவர் இல்லை."

"தெரியும்."

"நீங்களாவது நம்பறீங்களே!"

"நம்பறதுக்கு என்ன இருக்கு. அந்த நோட்டீஸை ஒட்டினது நான்தான். குடையும் என்னோடதுதான்."

லிஃப்ட்காரருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "அப்போ இத்தனை வாரமா வேடிக்கையா பார்த்துக்கிட்டு வந்தீங்க? நான் படியேறி ஓடறதையும் போன்ல திட்டு வாங்கறதையும்? நல்லா இருக்குங்க உங்க நியாயம்!"

"திட்டுங்க. திட்ட வேண்டியதுதான்." டோக்கன் அம்மாள் முகம் சிவந்திருந்தது. "கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்தா நாள் முழுக்க நம்பர் கூப்பிடுவேன். நேருக்கு நேர் நின்னு, வாங்க பேசலாம்னு சொல்ல மட்டும் தொண்டையிலேர்ந்து சத்தம் வர மாட்டேங்குது. நோட்டீஸை ஒட்டிட்டேன். அத்தனை பேர் வந்து நின்னதைப் பார்த்ததும் குடையைப் பிடிக்கக் கை வரலை."

"அதுக்காக? உங்க குடையை நீங்க ஒழுங்காப் பிடிச்சிருக்கக் கூடாதா?" டீ ஆறிக்கொண்டிருந்தது, அவர் ஆறவில்லை. "அன்னிக்கு மட்டும் அது காத்துல பறக்காம இருந்திருந்தா, நான் பாட்டுக்குக் கொஞ்ச நேரம் நின்னுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்!"

டோக்கன் அம்மாள் நின்று நின்று, விக்கல் மாதிரி சிரித்தார்.

"அது பறக்கலைங்க, நான்தான் வாராவாரம் உருட்டி விட்டேன். அத்தனை பேரும் பார்த்துக்கிட்டே நின்னாங்க, ஓடி வந்து பிடிச்சது நீங்க ஒருத்தர்தான்."