ஏலத்தில் போன இருக்கை

ஹெல்மெட்டைக் கழற்றாமல் தேநீர் குடிக்க முடியுமா என்று குணாளன் முயன்றுகொண்டிருந்தான். பாதி சட்டைக்குள் போனது. கழற்றவும் வழியில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் பாடாங் செராய் கோயில் தலைவர் பழனியாண்டி. குணாளனின் கல்யாணத்தில் இரண்டு பந்தியிலும் சாப்பிட்டவர்.

"இவரு யாரு?" என்றார் தலைவர்.

"நம்ம பார்ட் டைம் இன்ஸ்ட்ரக்டர்" என்றான் டேரன். குணாளன் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தான். "பேரு... கமால். மலாய்க்காரர், தமிழ் புரியும். கூச்ச சுபாவம்."

புக்கிட் செலம்பாவ் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே புல் ஓடுபாதை போட்டு, டேரனின் அப்பா நடத்தும் பறக்கும் கிளப் அது. மோட்டார் சைக்கிளுக்கு இறக்கை முளைத்தது போல, கதவில்லாத, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று உண்டு. வார நாளில் டேரன் சொல்லிக்கொடுப்பான், ஞாயிற்றுக்கிழமை குணாளன். இப்போது டேரனின் வலது கையில் மாவுக்கட்டு. வானத்தில் ஒரு கீறல் படாதவன், போன வாரம் கப்சாய் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு நாய்க்கு ஒதுங்கி, சாக்கடையில் விழுந்தான்.

"கும்பாபிஷேகத்துக்கு மேலேர்ந்து பூ போடணும். பெர்மிட்லாம் எடுத்தாச்சு, நோட்டீஸும் அடிச்சாச்சு" என்றார் தலைவர். "கமால்தானே ஓட்டணும்? போலே லா, முடியும்தானே?"

ஹெல்மெட் மேலும் கீழும் ஆடியது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் குரல் காட்டிக்கொடுத்திருக்கும்.

குணாளன் வார நாளில் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஓட்டி, அதாவது கூடுதல் நேர வேலை, என்று வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வருவான். எல்லாம் மாமியார் மருதம்மாளால் வந்தது. கல்யாணமான புதிதில் அவர் எங்கோ குறி கேட்டுவிட்டு வந்து, "மாப்பிள தரைய விட்டுக் கால எடுத்தா கண்டம்" என்றார். மனைவி காஞ்சனாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். பாலிக்கு எடுத்த விமான டிக்கெட் வீணானது. கோலா கெடாவில் ஃபெர்ரி ஏறி லங்காவிக்குத் தேனிலவு போனார்கள். குறி கேட்கப் போனதற்கு முந்தின வாரம்தான் சுங்கைப்பட்டாணி ஃபன்ஃபேரில் ராட்டினத்திலிருந்து இறங்கி, மாமியாரின் செருப்பின் மேல் குணாளன் வாந்தி எடுத்திருந்தான். அது அன்று தின்ற ரொஜாக் செய்த வேலை என்பதை யாரும் நம்பவில்லை.

சத்தியம் செய்த பிறகுதான் மேலே அப்படி என்னதான் இருக்கிறது என்ற ஆசையே வந்தது. ரகசியமாகப் படித்தான், உரிமம் எடுத்தான், பயிற்சியாளரும் ஆனான். தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதைவிட, காஞ்சனா மன்னிக்க மாட்டாள். சத்தியம் அவள் தலையில் செய்தது.

அன்றிரவு காஞ்சனா சோறு போடும்போது சொன்னான்.

"கும்பாபிஷேகத்தன்னிக்கா ஓட்டி?" என்றாள் காஞ்சனா. "அன்னிக்கு நம்ம உபயம். புருஷன் பொஞ்சாதியா உக்காரணும். பக்கத்துல நான் என்ன, தலகாணியவா உக்கார வைக்கிறது?"

"மேனேஜர் விட மாட்டேங்கிறான்."

"நம்பர் குடுங்க, நான் பேசுறேன்."

"அன்னிக்கு எனக்கு வயிறும் சரியிருக்காது."

"அடுத்த வாரம் வயிறு சரியிருக்காதுன்னு இப்பவே தெரியுமா?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மருதம்மாள் குறுக்கே வந்தார். "விடுடி. வேலைக்குப் போறேங்கிறவர ஏன் புடிச்சு வைக்கிற? போய்ட்டு மெதுவா வரட்டும்."

மாமியார் தன் பக்கம் பேசியது குணாளனுக்கு அதிர்ச்சி. ரசத்தில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தான்.

கும்பாபிஷேகத்தன்று காலை. சைகை காட்ட டேரன் கோயிலுக்குப் போய்விட்டான். குணாளன் ஹெல்மெட்டின் கருப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு விமானத்தருகே நின்றான். தலைவரின் கார் வந்தது. பூக்கூடைகள் இறங்கின.

"கமால், பூ தூவுறதுக்குப் பக்கத்து சீட்ட நேத்து ஏலம் விட்டோம்" என்றார் தலைவர். "கடும் போட்டி. நாலு ஏக்கர் செம்பன வச்சிருக்கிற அம்மாகிட்ட யாரும் நிக்க முடியல."

காரின் பின்கதவு திறந்தது. பட்டுச் சேலையும் விளையாட்டுச் சப்பாத்துமாக மருதம்மாள் இறங்கினார்.

ஏற்கெனவே இறங்கியிருந்த கண்ணாடியைக் குணாளன் இன்னும் கீழே இழுத்தான்.

"மருமகன் உபயத்துக்கு வரல. அந்தக் குறைக்கு நானே மேலேர்ந்து போட்டுர்றேன்" என்றார் மருதம்மாள் தலைவரிடம்.

பிறகு விமானத்தை ஒரு சுற்று வலம் வந்தார். சக்கரத்தைத் தொட்டார். இறக்கையின் விளிம்பைத் தடவினார். குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார். பின்னாலிருந்த விசிறியை விரலால் நீவினார். உதடு எதையோ முணுமுணுத்தபடியே இருந்தது. அத்தைக்கு இவ்வளவு பக்தியா என்று குணாளனுக்கே மெய்சிலிர்த்தது. தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஜாங்ஙான் தாகுட், மக்சிக்" என்றான் குணாளன், குரலைக் கட்டையாக்கி. பயப்பட வேண்டாமாம், பெரியம்மா.

"எனக்கென்ன பயம்? நீ ஓட்டு தம்பி" என்று மருதம்மாள் சேலையைக் காலுக்கிடையில் செருகி, பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டார்.

மேலே போனதும் கோயில் தெரிந்தது. கோபுரத்தைச் சுற்றி எறும்பாக மக்கள். அதில் ஒரு எறும்பு காஞ்சனா, பக்கத்தில் காலி இடம். குணாளனுக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கண்ணாடியைத் தூக்க முடியாது.

முதல் சுற்றில் குணாளன் சைகை காட்ட, மருதம்மாள் ஒரு கைப்பிடி பூவை வீசினார். பூ விசிறியில் சிக்கிப் பொடியாகி, காற்றோடு போய்ப் பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நின்ற மோட்டார்களின் மேல் விழுந்தது. சாத்தே இறைச்சி சுட்டு விற்றவர் நிமிர்ந்து பார்த்துத் திட்டினார்.

மருதம்மாள் அவன் தோளைத் தட்டினார். "காத்து அந்தாண்டேர்ந்து அடிக்குது. முன்னாலயே திரும்பு. எறக்கிக் கொண்டா. நான் தாழ்த்திப் போடுறேன்."

வாதாடக் குரல் இல்லாததால் சொன்னபடி செய்தான். கூடை சரியாகக் கவிழ்ந்தது. கலசத்தின் மேலேயே பூ கொட்டியது. கீழே கூட்டம் கையைத் தூக்கியது. அம்மன் அருள் என்று குணாளன் நினைத்துக்கொண்டான்.

இறங்கும்போதுதான் கணக்குத் தப்பியது. உயரம் அதிகம், வேகமும் அதிகம். மருதம்மாளின் கால்கள் விமானத் தரையில் மாறி மாறி அசைந்தன. பாவம், பயம். கை வேறு நீண்டு வந்து, அவன் பிடித்திருந்த வேகக் கைப்பிடியை மெல்லப் பின்னால் இழுத்தது.

"ஜாங்ஙான் பெகாங், மக்சிக்" என்றான், தொட வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டபடி.

மருதம்மாள் உச்சுக்கொட்டினார்.

விமானம் ஓடுபாதையில் குதித்தது, யோசித்தது, மறுபடியும் குதித்து நின்றது.

"லோரி பள்ளத்துல விழுந்த மாதிரி இருந்துச்சு. பரவால்ல, போகப் போகப் பழகிடும்" என்று மருதம்மாள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்து இறங்கினார். தலைவரின் கார் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. எதிரே மோட்டாரின் பின்சீட்டில் வந்த டேரன், காரைப் பார்த்து மாவுக்கட்டுக் கையை ஆட்டினான். காரிலிருந்து ஒரு வளையல் கை திருப்பி ஆட்டியது.

குணாளன் ஹெல்மெட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து வேர்வை ஊற்றியது. புல்லிலேயே உட்கார்ந்தான். பிழைத்தாயிற்று. சத்தியம் பிழைத்தது, ஞாயிற்றுக்கிழமையும் பிழைத்தது.

"டேரா, இனிமே அந்த அம்மா இருக்கிற பக்கம் என்னைய அனுப்பாத. அவங்கள உனக்கு எப்படித் தெரியும்?"

டேரன் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினான்.

"என் புதன்கிழமை ஸ்டூடண்ட்ணே அவங்க, உங்கள மாதிரியே வீட்டுக்குத் தெரியாம வர்றாங்க; மருமகனுக்கு உயரம்னா பயமாம், நாலு பேரு முன்னாடி அவரு அவமானப்படக் கூடாதுன்னு கண்டம் இருக்குன்னு பொய் சொல்லி வச்சிருக்காங்களாம், அதனால அவரு காதுல மட்டும் போடாம அடுத்த ஞாயிறு நீங்கதான் அவங்கள தனியாப் பறக்க விடணும்."