லயல் காப்பாற்றிய எலுமிச்சை

வேக்குவம் கிளீனரின் மூடி படாரென்று திறந்துகொண்டது. அதுவரை எலுமிச்சை மரத்திலிருந்து லயல் உறிஞ்சி எடுத்த நாற்றப் பூச்சிகளில் பாதி அவர் சட்டைக்குள்ளேயே குடியேறின.

"என்ன லயல், மரத்தையே வீடு மாதிரிக் கூட்டுறியா?" பக்கத்து வீட்டுப் பினா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"கையால எடுத்தா கண்ணுல நாத்தத் தண்ணியைப் பீச்சியடிக்குது பினா. ஊரே இப்படித்தானே எடுக்குது?"

"ஊர்ல ஓட்டை மெஷின்ல எடுப்பாங்க. இது எனிட் படுக்கையறைக் கம்பளத்துக்கு வச்சிருந்ததாச்சே!"

மனைவி எனிடின் பேரைக் கேட்டதும் லயல் மெஷினைக் கீழே வைத்தார். கல்யாணமான வருஷம் அவள் நட்ட மரம் அது. ஆஸ்திரேலியாவின் மெயிட்லண்டில் அந்தத் தெருவில், எலுமிச்சைச் சாறும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து எனிட் கிளறும் லெமன் பட்டர் போகாத வீடே கிடையாது. ஞாயிறு காலையில் ரேடியோவோடு சேர்ந்து தப்புத் தப்பாகப் பாடியபடி அவள் கிளறுவாள். சூடான ரொட்டியோடு லயல் பக்கத்திலேயே நிற்பார். போன இலையுதிர்காலத்தில், ஆஸ்பத்திரியில், "மரத்தைப் பாத்துக்கோ லயல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதுதான் மரத்துக்கு வினையாகிவிட்டது.

வறட்சி வந்ததும் தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது என்று கவுன்சில் தடை போட்டது. லயல் வாஷிங் மெஷின் தண்ணீரைத் திருப்பி விட்டார். அவர் சட்டைகளை வெளுத்த ப்ளீச், இலைகளையும் வெளுத்துவிட்டது.

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில் சொல்லி வருத்தப்பட்டார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கே?" என்றான் கெவின். "எலுமிச்சைக்கு அடியில ஆம்பளைங்க ஒண்ணுக்குப் போனாப் போதும்யா. எங்கப்பா வேற உரமே போட்டதில்ல."

அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வைத்தியம்தான். ஆனால் மரம் இருந்த நிலைக்குத் தன் ஒருவருடைய பங்கு போதாது என்று லயலுக்குத் தோன்றிவிட்டது. பீர் வாங்கி வைத்து, கிளப்பையே வீட்டுக்கு அழைத்தார். வெள்ளைக் கால்சட்டை போட்ட கிழவர்கள் சாயங்காலம்தோறும் வரிசையில் நின்றார்கள். பினா தன் துணிக்கொடியை வீட்டின் முன்பக்கம் மாற்றிக்கொண்டாள். இலை நுனியெல்லாம் தீய்ந்து போனது.

"அது ஒருத்தர், ரெண்டு பேர் பண்ற வேலை லயல். ஒரு கிளப்பே வந்து பண்ணினா மரம் எப்படித் தாங்கும்?" என்றாள் பினா.

நொந்துபோன மரத்தைப் பார்த்துத்தான் பூச்சிகள் வந்தன. பூச்சிகள் போன பிறகு, கிளைகளில் குளவி முட்டையிட்ட வீக்கங்கள் கண்ணில் பட்டன. லயல் ரம்பத்தை எடுத்தார்.

"ஐயோ, அந்தக் கிளை ஒண்ணுலதானே உசிரு இருந்துச்சு!" பினா அலறினாள்.

"உனக்கென்ன தெரியும்? போன வறட்சியிலயும் இப்படித்தான் மொட்டையடிச்சேன். மீன் பிடிக்கப் போயிட்டு வந்து பாக்குறேன், பசேல்னு நிக்குது! வெட்டினதால கொஞ்சம் குள்ளமாத் தெரிஞ்சுது, அவ்ளோதான். அதுக்கு முந்தின வறட்சியிலயும் இதே கதைதான். வெட்டிட்டுத் தனியா விடணும். நாம பாத்துக்கிட்டே நின்னா அது துளிர்க்காது."

பினா வேலிக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டாள்.

லயல் தூண்டிலை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். ஒரு வாரம் மீனும் சிக்கவில்லை, மனசும் நிற்கவில்லை. திரும்பி வந்தவர் காரை நிறுத்திய கையோடு பின்பக்கம் ஓடினார்.

விட்டுப்போன மொட்டைக் கட்டை அப்படியே நின்றது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே காய்ந்த விறகு. அந்தக் கட்டையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனிட் போன அன்றுகூட அழாத அழுகையை அழுதார்.

"அவ கேட்டது இது ஒண்ணுதான் பினா. அதையும் கொன்னுட்டேன்."

பினா வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"எந்திரி லயல், நீ மீன் பிடிக்கப் போறப்பல்லாம் நானும் எனிடும்தான் செத்த மரத்தைப் பிடுங்கிட்டுப் புது மரம் வாங்கி நடுவோம், இந்தத் தடவை வாங்கி வச்சதைத் தொட்டியோட தூக்க எனக்கு ஒத்தையா முடியல, நீ வந்து அவ பக்கத்தைப் பிடி."