மூன்று என்றால் எவ்வளவு?

பொதுமக்களின் வசதியைக் கருத்தில் கொண்டு, கடை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் டோக்கன் எண் காட்டும் திரை ஒன்று மாட்டப்பட்டது. தன் எண் வந்ததும் ஆள் எழுந்து கவுன்ட்டருக்குப் போக வேண்டும். போவதற்குள் அடுத்த எண் வந்துவிடும். போய்ச் சேராதவர் 'வரவில்லை' என்று பதிவாவார். இப்படி மதியத்துக்குள் எல்லா டோக்கனும் தீர்ந்துவிட்டதால், வேகமான அலுவலகம் என்று கேடயம்கூடக் கிடைத்தது.

அந்தத் திரையைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமர் பெண்ணின் அப்பா தையல்காரர், முட்டி தேய்ந்தவர். மாத முடிவுக்குள் உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் அவர் கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். தினமும் போய் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்ததுதான் மிச்சம். நியாயமாகப் பார்த்தால் அந்த உடற்பயிற்சிக்கு அலுவலகம் கட்டணம் கேட்டிருக்கலாம், பெருந்தன்மையாக விட்டுவிட்டது.

மகள் கணினியைக் குடைந்து பார்த்தாள். திரைக்கு உத்தரவு சொல்லும் கோப்பில் 'காத்திருப்பு = 3' என்று ஒரு வரி இருந்தது. அதன் மேலே, மனிதர்கள் படிப்பதற்காக ஒரு குறிப்பு: 'கூப்பிட்ட பிறகு காத்திருக்கும் நேரம்.' மூன்று என்ன என்று சொல்லவில்லை. எழுதியவர் நிமிடம் என்று நினைத்திருக்கிறார், இயந்திரம் நொடி என்று எடுத்துக்கொண்டது. எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்.

எண்ணை நூற்றெண்பது ஆக்கி, குறிப்பில் 'நொடி' என்று சேர்த்துவிடலாம் என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள்.

"எண்ணுல கை வைக்காதம்மா. அதுக்குத்தான் கேடயமே குடுத்திருக்காங்க."

"அப்போ நொடின்னாவது எழுதிடலாம் சார்."

"நொடின்னு எழுதினா, மூணே நொடிதான் காத்திருக்கோம்னு ஆயிடாதா?"

"அப்படித்தானே சார் நடக்குது?"

"நடக்கிறது வேற. எழுத்துல வர்றது வேற."

பிரச்சினையின் தீவிரத்தை உணர்ந்து உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. நொடி என்ற சொல் மக்கள் மனதைப் புண்படுத்தும் என்றார் ஒருவர். 'உரிய கால அளவு' என்று போட்டால் யாருக்கும் வம்பில்லை என்றார் சட்டம் படித்தவர். கடைசியில் 'நிமிடம்' ஏகமனதாக நிறைவேறியது. குறிப்பை இயந்திரம் ஏறெடுத்தும் பார்க்காது, எண்ணைத்தான் படிக்கும் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். படிக்காதது இயந்திரத்தின் குறை, குழுவின் குறை அல்ல என்று பதில் வந்தது. அவளுடைய வேலை ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு அந்த ஒரு சொல்லை அவளே சேர்த்தாள்.

அந்தக் குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, திரைக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள்: 'கூப்பிட்ட பிறகு காத்திருக்கும் நேரம்: மூன்று நிமிடம்.'

திரை வழக்கம்போல மூன்று நொடிக்கு ஒரு தரம் தாவியது. ஆனால் கூடத்தில் தினமும் நடந்த சண்டை நின்றுபோனது. முன்பு கவுன்ட்டரைத் தட்டிக் கத்தியவர்கள்கூட, பலகையைப் படித்துவிட்டு, தங்கள் காலைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்கள். வாசலில் ஒருவர் மூட்டுவலித் தைலம் விற்க ஆரம்பித்தார். புகாரே வராத அலுவலகம் என்று இரண்டாவது கேடயமும் வந்து சேர்ந்தது.

மாதக் கடைசியில் தையல் கடைக்குச் சீல் விழுந்தது. அளவு நாடாவை மட்டும் கழுத்தில் போட்டுக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்து, முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளுக்குத் தாங்கவில்லை.

"அப்பா, அது மூணு நொடிதான்ப்பா. நிமிஷமே இல்ல. யார் போயிருந்தாலும் முடிஞ்சிருக்காது."

அப்பா அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"என்னைத் தேத்துறதுக்காகப் பொய் சொல்லாதம்மா. கால் போயிடுச்சு, ஒத்துக்கிறேன். அவ்வளவு பெரிய ஆபீஸ்ல, கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க. யாரோ படிச்ச புள்ள அளந்து பார்க்காமலா எழுதியிருக்கும்?"