வேர்பிடுங்கி கிராணியும் என் முதல் லோரியும்

ஒற்றை மாட்டு வண்டியோடு சிராங்கூன் ரோட்டில் பிழைப்பைத் தொடங்கியவன் நான். இரண்டாம் வகுப்புக்கு மேல் எந்தப் பள்ளிக்கூடமும் என்னைப் பார்த்ததில்லை. இந்தக் கையால்தான் ஆறு லோரி, ஒரு பட்டறை, காத்தோங்கில் ஓட்டு வீடு எல்லாம் உண்டாக்கினேன். வெள்ளம் வந்தது, வேலைநிறுத்தம் வந்தது, போட்டிக்காரன் டயரில் ஆணி அடித்தான். எதற்கும் நான் அசரவில்லை. என்னை ஆட்டிவைத்த ஒரே ஆள் வேர்பிடுங்கி கிராணி. மனுஷனைப் படுத்துவதில் அவருக்கு ஈடாகச் சிங்கப்பூரில் இன்னொருவர் பிறக்கவில்லை.

கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதிய குமாஸ்தா அவர்; எங்கள் பேச்சில் கிராணி. யார் வாயிலிருந்து ஆங்கிலச் சொல் விழுந்தாலும் அதன் வேரைப் பிடுங்கிக் காட்டாமல் விடமாட்டார். பெயர் அப்படி வந்ததுதான். பித்து முற்றியது ‘கேரி’ என்ற சொல்லில். சுமந்து போவது என்று நாமெல்லாம் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். அவர் விடுவாரா?

எங்கள் தேக்கா வட்டாரத்துக் கோப்பிக் கடையில் ஒருவர் டிபன் கேரியரோடு வந்து உட்கார்ந்தார். பாவம், சாப்பிட வந்தவர்.

“அதுல சக்கரம் இருக்கா?” என்றார் கிராணி.

“சோறுதான் இருக்கு.”

“அப்ப அது கேரியரே இல்ல. ‘கேரி’ன்னா வண்டியில ஏத்திக்கிட்டுப் போறது. ரோமாபுரிக்காரன் பக்கத்து நாட்டான்கிட்டேருந்து வண்டியையும் எடுத்துக்கிட்டான், அது பேரையும் எடுத்துக்கிட்டான். அப்புறம் பிரெஞ்சுக்காரன் வழியா இங்கிலீஷ்காரன்கிட்ட வந்துச்சு. தலையில, தோள்ல தூக்குறதெல்லாம் பின்னால ஒட்டிக்கிட்ட அர்த்தம்.”

“ஐயா, சோறு ஆறுது லா!”

சைக்கிள் கேரியரை மட்டும் அவர் மன்னித்திருந்தார்.

இப்படிப்பட்டவரை நான் ஏன் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அழைத்துப் போனேன்? வேறு வழியில்லை. மாட்டு வண்டிக்குக் காலம் முடிந்துகொண்டிருந்தது. மாட்டையும் வண்டியையும் விற்று ஒரு பழைய லோரி வாங்கியிருந்தேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் சரக்கேற்றும் வேலை கிடைத்தால் பிழைத்தேன், இல்லாவிட்டால் நடுத்தெரு. அந்தக் கிடங்குத் துரைக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது.

“கிராணியாரே, துரை என்ன கேட்டாலும் ‘யெஸ் சார்’. அதுக்கு மேல வாயத் திறக்கக் கூடாது” என்று கோயில் வாசலில் நிறுத்திச் சத்தியம் வாங்கினேன்.

மாடி அறையில் இருந்த துரை, ஜன்னல் வழியாக என் லோரியைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அதில் ‘கேரி’ இருந்தது. எனக்கே காதில் விழுந்தது.

கிராணி தொண்டையைச் செருமினார். பிறகு பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கையால் சக்கரம் சுற்றிக் காட்டினார். துரையின் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது.

“என்னங்க சொல்றீங்க?” என்று இடுப்பில் கிள்ளினேன்.

“இரு தம்பி, இப்பத்தான் ரோமாபுரிய தாண்டியிருக்கேன்.”

துரை வாசலைக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கீழே வந்தால் வானம் இருட்டிக் கிடக்கிறது. கிடங்குக்கு வெளியே பிஸ்கட் பெட்டிகள் வெட்டவெளியில் அடுக்கியிருக்கின்றன. அவற்றை ஏற்ற வரவேண்டிய லோரியைக் காணோம். எனக்கிருந்த ஆத்திரத்துக்கு யாரையாவது அடிக்க வேண்டும், இல்லை எதையாவது தூக்க வேண்டும். பெட்டிகளைத் தூக்கினேன். ஒற்றை ஆளாக லோரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கிடங்குக்குள் ஓட்டி நிறுத்தவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. துரை இறங்கி வந்து ஏதோ சொன்னார்.

அன்றைக்குக் கிராணி செய்த ஒரே மொழிபெயர்ப்பு இதுதான்: “நாளைக்கு வரச் சொல்றாரு.”

மறுநாள் தேக்கா முழுக்க அவர் பேச்சுதான். “வண்டிக்காரனுக்குத்தான் அந்தச் சொல்லே சொந்தம்னு துரைக்குப் புரிய வச்சேன். வேலைய கொடுத்துட்டாரு!” ஊரும் நம்பியது. பழைய ஆட்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள்.

அறுபதுகளில் அவருக்குத் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. சாமான்களை ஏற்றி நானே லோரி ஓட்டினேன். லிப்ட் அவர் மாடியில் நிற்காது. அகராதிப் பெட்டியைத் தோளில் வைத்துப் படியேறினேன். பின்னால் வந்தவர் ஆரம்பித்தார்.

“தம்பி, சரியாப் பார்த்தா இதுக்கு ‘கேரி’ன்னு...”

“மூச்சு விடக் கூடாது கிராணியாரே!”

இரண்டு படி ஏறியதும் தோளில் பாரம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். சத்தமில்லாமல் பெட்டியின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டு வந்தார் மனுஷன்.

ஆகவே, என் கதையைக் கேட்டு எழுத வந்த பத்திரிகைக்காரர்களே, அந்த வேலையை வாங்கியது ரோமாபுரி அல்ல, என் தோள் என்று தெளிவாக அச்சுப் போடுங்கள். அகராதியை மேலே கொண்டு சேர்த்ததும் நான்தான். ஒரு முனையை அவர் பிடித்தார் என்பதையும் சேர்த்துப் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.