முட்டையில் கட்டிய கப்பல்

வீடு சுருங்கச் சுருங்கக் கப்பலையும் சுருக்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருப்பதியில் இருக்கிறார். ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். கடலைப் பார்த்தது மொத்தம் இரண்டு முறை. ஆனால் பழைய பாய்மரக் கப்பல்களின் படத்தைப் பார்த்து, அளவு பிசகாமல் மாதிரி செய்வதில்தான் அவர் உயிர் இருந்தது. எங்களுக்கு அவர் கப்பல் அண்ணன்.

அவர் கல்யாணத்துக்கு முன் நானும் அவரும் ஒரே அறை. நடுவில் ஐந்தடி மரக்கப்பல். நான் சுவரோரம் ஒருக்களித்துத்தான் படுப்பேன். சாம்பார் சாதத்தில் மரத்தூள் இல்லாத நாள் கிடையாது. கேட்டால், "நார்ச்சத்து தம்பி, துன்னு" என்பார்.

கல்யாணம் நிச்சயமாகி, அலிபிரி பக்கம் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு கிடைத்தது. அங்கே கட்டில் போடலாம், அல்லது கப்பல் வைக்கலாம். அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். இதை அண்ணியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. கடைசியில் கப்பலைத் தன் கையாலேயே பிரித்து, அதே சட்டங்களைச் சீவி ஒன்றரையடியில் மறுபடி கட்டினார். பட்டறை கட்டிலுக்கு அடியில்.

அண்ணி முழுகாமல் இருந்தபோது பெயிண்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. பெயிண்டும் தின்னரும் வெளியேறின. மரத்துக்கு டீ டிகாக்‌ஷன், விளிம்புக்கு மஞ்சள். வீட்டுக்கு வந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டு டீ வரும் என்று காத்திருந்தார்கள்.

குழந்தை தவழ ஆரம்பித்தது. ஒருநாள் நங்கூரத்தைக் காணோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இதேமிட்டண்டி?" என்று தெலுங்கில் கேட்டார்.

"நங்கூரம் சார்."

டாக்டர் படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். நங்கூரம் மறுநாள் பத்திரமாகக் கரை சேர்ந்தது. அதற்குப் பிறகு ஆணி, கத்தி, பித்தளை எதுவும் கிடையாது. நங்கூரம்கூடச் சப்பாத்தி மாவில். "கொயந்த துன்னா துன்னட்டும்" என்றார். எலி தின்றது.

பெரிய சோதனை ராமகுப்பத்திலிருந்து வந்தது. அண்ணனின் மாமியார் அங்கே வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து, காலில் புத்தூர்க் கட்டோடு வந்து கட்டிலில் படுத்தார். பட்டறை அவருக்குக் கீழே. முதல் நாளே அண்ணி சொல்லிவிட்டார்: "எங்கம்மா எழுந்து நடக்கற வரிக்கும் வீட்ல ஒரு குச்சி இருக்கக் கூடாது."

அண்ணன் எல்லாவற்றையும் மூட்டை கட்டி என் அறையில் கொண்டுவந்து வைத்தார். அடுத்த இரண்டு வாரம் அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சோறு போட்டால் தின்றார், போடாவிட்டால் கேட்கவில்லை.

ஒரு சாயந்திரம் நான் போயிருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது மாமியாரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, என் கால அப்டி பாக்கற?"

"அத்த, இந்தத் துணி எப்டி இவ்ளோ கெட்டியா நிக்குது?"

"முட்ட வெள்ளக்கரு. காஞ்சா கல்லு மாறி."

அண்ணன் எழுந்து கடைக்கு ஓடினார். பழைய வேட்டிக் கிழிசலை வெள்ளைக்கருவில் நனைத்து, கிண்ணத்தின் மேல் படலம் படலமாக ஒட்டி, மின்விசிறிக்கு அடியில் வைத்தார். காலையில் கப்பலின் உடல் தயார். மரமில்லை, தூளில்லை, விஷமில்லை. மிஞ்சிய மஞ்சள்கருவில் தினமும் பொரியல். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் நான் சாப்பாட்டு வேளையில் போவதை நிறுத்தினேன்.

பாய்மரத்துக்குக் கயிறு கட்டும்போது நூல் பிரிந்து பிரிந்து போனது. மாமியாருடையது ஊரில் பட்டு நூல் இழைத்த கை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"கொடு இங்க. கோயி கிளறன மாறி கட்டிக்கினு கீற."

அன்றிலிருந்து கப்பலின் கயிறெல்லாம் அவர் பொறுப்பு. ஊரிலிருந்து பட்டு நூல் வரவழைத்தார். கட்டுப் பிரித்து, நன்றாக நடந்த பிறகும் கிளம்பவில்லை. அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "இன்னும் மூணு பாய் பாக்கி கீது, எப்டி போறது?" என்றார்.

போன வருஷம் எனக்குச் சித்தூருக்கு மாற்றல். நான் பார்த்து வைத்திருந்த அறையைப் பற்றி அண்ணன் துருவித் துருவிக் கேட்டார். ஜன்னல் எத்தனை, கம்பிக்குக் கம்பி எத்தனை விரல் இடைவெளி என்றுகூடக் கேட்டார். கிளம்பும் அன்று ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். உள்ளே விரல் நீளக் கப்பல், பட்டுக் கயிறோடு.

"கம்பி நடுவுல கரெக்டா நிக்கும் தம்பி" என்றார்.

நின்றது. மழைச்சாரல் அடித்தாலும் அந்த ஜன்னலை நான் பாதிதான் சாத்துகிறேன். பாய்க்குக் கொஞ்சம் காற்று வேண்டாமா?