நல்லாத்தானே வேலை செய்யுது

வாசகரே, 'நல்லாத்தானே வேலை செய்யுது' என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் உள்ள ஏதாவது ஓர் இடத்தில் நுழைந்து, "இதை மாத்தினா என்ன?" என்று பொதுவாக ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நில்லுங்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெற்ற பிள்ளையை விற்கச் சொன்னதுபோல் உங்களைப் பார்ப்பார். அவர்தான்.

ஹட்டனில் அவருக்குப் பெயர் லியனார்ட். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படியேறி மூச்சு வாங்கும் இடத்தில், மனைவி பெயரில் 'யூஜினா அச்சகம்' நடத்துகிறார். சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணமோ, சடங்கோ, திருவிழாவோ, கருமாதியோ, எதுவானாலும் அதற்கான தமிழ் அவருடைய கம்ப்யூட்டரில்தான் பிறந்தாக வேண்டும். அதில் ஓடுவது விண்டோஸ் 98. தமிழ் எழுத்து, பாமினி என்ற அந்தக் காலத்து ஃபொன்ட். கொழும்பில் எத்தனையோ ஆட்சி மாறியது, லியனார்டின் பல்லில் நான்கு மாறியது, இவை இரண்டும் மாறவில்லை.

காலையில் கடை திறந்ததும் மாதா படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வார். கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்கி, இடப்பக்கம் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடிப்பார். குடித்து முடிக்கவும் திரை விழிக்கவும் சரியாக இருக்கும். கடை மூடும்போது, குளிர் ஏறிவிடக்கூடாதென்று அதற்குக் கம்பளி போர்த்திவிடுவார். தனக்கு ஒருநாளாவது இப்படிப் போர்த்தினாரா என்பது யூஜினாவின் தீராத குறை.

இன்டர்நெட் உண்டா? கிடையாது. பென் டிரைவ்? சொருகினால் அது என்னவென்றே மெஷினுக்குத் தெரியாது. அதையும் பெருமையாகத்தான் சொல்வார், தன் மெஷினுக்கு ஒரு வைரஸ் என்ன, ஒரு சளிகூடப் பிடித்ததில்லை என்று. யாருக்காவது மாதிரி அனுப்ப வேண்டுமானால் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புவார். படத்தில் பாதி அழைப்பிதழும் பாதி அவருடைய கட்டைவிரலும் இருக்கும்.

இவருக்கு மகளாகப் பிறந்த மெரினா கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை பார்க்கிறாள். ஆண்டவரின் விளையாட்டு! லீவில் வந்தவள் புதுக் கம்ப்யூட்டரும் புதுப் பிரின்டருமாக வந்து இறங்கினாள். அப்பாவும் மகளும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. யூஜினா நடுவில் நின்று ஓர் ஒப்பந்தம் செய்து வைத்தார். வெள்ளிக்கிழமை புதுசு ஒரே ஒரு நோட்டீசை ஒழுங்காக அடித்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், சனிக்கிழமை பழசு பழைய இரும்பு எடுக்கும் சின்னராசாவின் லொறியில் ஏறும். லியனார்ட் தலையாட்டிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார் பொன்னையா, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோயில் கமிட்டிச் செயலாளர். கையில் பென் டிரைவ். அதில் சில வருடங்களுக்கு முன், அந்த ஒரு வருடம் மட்டும் கொழும்பில் அடித்த திருவிழா நோட்டீஸ். தேதியை மட்டும் மாற்ற வேண்டும். பெயர்களில் கை வைக்கக்கூடாது. மேலே இருக்கும் லைன் வீடுகளான மேட்டு லயத்து வீரய்யா முதலா, கீழே இருக்கும் பணிய லயத்துச் சோலைமலை முதலா என்று மூன்று கூட்டம் போட்டு, ஒரு நாற்காலி உடைந்து, அதன் பிறகு முடிவான வரிசை அது. அந்த வரிசை இப்போது இருப்பது அந்த ஃபைலில் மட்டும்தான். ஒரு பெயர் இடம் மாறினால் பாதித் தோட்டம் தேர் வடத்தைத் தொடாது. நாலரை பஸ்ஸுக்கு நோட்டீஸ் கையில் இருக்க வேண்டும்.

மெரினா ஃபைலைத் திறந்தாள். திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்து, தலையும் இல்லை வாலும் இல்லை. அவளிடம் பாமினி இல்லையே! அந்த எழுத்து இல்லாத கம்ப்யூட்டரில், தமிழுக்காகத் தட்டிய இங்கிலீஷ் சாவிகள்தான் அப்படியே தெரியும். புதுப் பிரின்டரில் ஒரு பிரதி எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"ஃபைல் கெட்டுப்போச்சுப்பா. வைரஸா இருக்கும்."

லியனார்ட் கண்ணாடியை இறக்கினார். "ஜே, பி, பெரிய யூ, டி, பி, ஓ, எச்..." என்று முணுமுணுத்தார். அண்ணனுக்குச் சாமி வந்துவிட்டதோ என்று பொன்னையா எழுந்தே நின்றுவிட்டார். "இது கெடல புள்ள. 'திருவிழா'ன்னு போட்டிருக்கு."

பிறகு பேப்பர் வாசிப்பதுபோல் அடி வரைக்கும் வாசித்தார். வீரய்யா வந்தார், அடுத்து சோலைமலை வந்தார். லியனார்டுக்கு நெஞ்சு நிமிர்ந்து, சட்டைப் பொத்தான் தெறிக்காத குறைதான்.

"அப்ப மெஷின் எதுக்குப்பா? அது பூராவும் உங்க தலையிலதானே இருக்கு," என்றாள் மெரினா.

பாவி மனுசன்! தன் மெஷினைத் தன் வாயாலேயே லொறியில் ஏற்றிவிட்டார். நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இறங்கியது.

மெரினா சும்மா இருந்திருந்தால் வென்றிருப்பாள். தன் போன் இன்டர்நெட்டில் பாமினியை இறக்கிவிடலாமென்று எதையோ தட்டினாள். புதுக் கம்ப்யூட்டர் நீலமாகி, 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்றது. மூன்று சதவீதம். அரை மணி நேரம் கழித்து ஒன்பது. பொன்னையா கடிகாரத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மாதாவையும் ஒருதரம் பார்த்தார். லியனார்ட் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

பிறகு பழைய கம்ப்யூட்டரை இடப்பக்கம் இரண்டு தட்டுத் தட்டி, நாற்காலியை மகள் பக்கம் தள்ளினார். தாளில் இங்கிலீஷ் எப்படி இருக்கிறதோ அப்படியே அடிக்கச் சொன்னார். மெரினா அலுப்போடு உட்கார்ந்து, ஜே அடித்தாள், பி அடித்தாள், பெரிய யூ அடித்தாள். திரையில் 'திரு' வந்து நின்றது! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலாவது வரியில் வேகம் பிடித்தாள். அப்பா பழைய தேதியைத் திருத்தப் போனபோது, கையை விலக்கிவிட்டு அவளே மாற்றினாள். புதுசு முப்பத்தொன்றைத் தொட்டபோது, பழைய பிரின்டர் முக்கி முனகி இருநூறு நோட்டீஸ் தள்ளியிருந்தது. மேலே வீரய்யா, கீழே சோலைமலை. பொன்னையா நோட்டீஸ் கட்டை அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

சனிக்கிழமை காலை சின்னராசாவின் லொறி வந்து ஹோர்ன் அடித்தது. லியனார்ட் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். மெரினாதான் படியிறங்கிப் போனாள்.

"இல்லைங்க மாமா, நீங்க போயிட்டு வாங்க," என்றாள். "நல்லாத்தானே வேலை செய்யுது."

என்ன, சிரிக்கிறீர்களா? நல்லது, சிரியுங்கள். உங்கள் போனில் மூன்று மாதமாக ஓர் அப்டேட் வாசலில் நிற்கிறதே, தினமும் 'பிறகு', 'பிறகு' என்று திருப்பி அனுப்புகிறீர்களே, அதை ஏன் இன்னும் உள்ளே விடவில்லை? வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். உங்கள் வாய் அசைந்ததைப் பார்த்துவிட்டேன்.