சாமி அறையில் சப்பாத்துக்காரர்

எல்லாம் தெரிந்தவன்போல் பேசுகிறவனை நான் தூரத்தில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவேன். பல வருடங்கள் அப்படி ஒருத்தனோடு ஒரே சட்டைக்குள் குடியிருந்திருக்கிறேன்.

2011இல் பாரிசில், லா சப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். (ஊருக்குச் சொன்னது வேறு. அதை விடுங்கள்.) அபிராமிக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது, ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அவளுடைய தாய், அதாவது மாமி, மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவர்கள் பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் வீடு வாங்கிக் குடிபூரல் வைத்தபோது, மாமியின் வாயிலிருந்து கல்யாணத்துக்கு ஒரு ‘ஓம்’ வாங்கிவிடலாம் என்று பரிசு தேடிப் பழஞ்சாமான் சந்தைக்குப் போனேன்.

அங்கே ஒரு படம். நூறு வருடத்துக்கு முந்திய அச்சு. நீல உடம்பு, தங்கக் கிரீடம், தூக்கிய கால், சுற்றிலும் பெண்கள். கிருஷ்ணர்தான், வேறு யார்? விற்றவர் ஏதோ விளக்க வந்தார். கிருஷ்ணரைப் பற்றி எனக்கே ஒரு வெள்ளைக்காரர் வகுப்பெடுப்பதா என்று கையைக் காட்டி நிறுத்தினேன். அடியில் இருந்த பிரெஞ்சு எழுத்துகள் அழகைக் கெடுப்பதாகத் தோன்றியதால், அவற்றை மறைத்துச் சட்டம் போடச் சொன்னேன். மூளையையும் அப்போதே சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம், உபயோகம் இல்லாத பொருள்தானே.

மாமி படத்தை நெடுநேரம் பார்த்தார். புல்லாங்குழல் எங்கே என்று கேட்டார். ஆடும்போது இடுப்பில் செருகியிருப்பார் என்றேன்.

“காலில சப்பாத்தெல்லோ போட்டிருக்கிறார், தம்பி?”

“அது குளிர்நாட்டு மரபு, மாமி.”

மரபாம்! (அன்றைக்கு என் வாயில் ஒரு பிளாஸ்டர் ஒட்ட ஆளில்லை.)

படம் சாமி அறையின் நடுவில் ஏறியது. சந்தனப் பொட்டு, மாலை எல்லாம் ஆயிற்று. ஐயர் தீபம் காட்டினார். மாமி கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகளைத் தம்பிக்கே தருகிறோம் என்று வந்திருந்த சனத்துக்கு முன்னால் அறிவித்தார். நான் கூச்சப்படுவதுபோல் நடித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு மதாம் உள்ளே வந்தார். படத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து கடகடவென்று பேசினார். அபிராமி தமிழில் சொன்னாள்.

“இது சாமி இல்லையாம். ரஷ்யாவில இருந்து பாரிசுக்கு வந்து பாலே ஆடின ஆளாம். நீலமும் கிரீடமும் வேஷமாம்.”

மதாமுக்கு ஒரு சந்தேகமும் இருந்தது: தமிழர்கள் நடனக்காரர் எல்லாரையும் கும்பிடுவார்களா, இவரை மட்டுமா?

ஐயர் கற்பூரத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா படத்தைக் கழற்ற ஏணியில் கால் வைத்தார். படத்தோடு என் கல்யாணமும் இறங்கப்போகிறது.

“விடுங்கோ,” என்றார் மாமி. “தீபம் காட்டினதையும் சபையில வாக்குக் குடுத்ததையும் திருப்பி எடுக்க ஏலாது. ரெண்டும் கிடக்கட்டும்.”

இரண்டு பேரும் கிடக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் அவருக்குப் பூ கிடைக்கிறது, எனக்குச் சோறு. புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் மாமி முதலில் படத்தைக் காட்டுவார்.

“அது ஆரோ ரஷ்யாக்காரன். சரியா விசாரிக்காமல் வீட்டுக்குள்ள எடுத்திட்டம்.”

பிறகு என் பக்கம் திரும்புவார்.

“இது மருமகன். இதுவும் அப்பிடித்தான்.”